வினைமுற்று வரை படித்தல்: கோடிட்ட இடத்தில் ஒரு மாணவி செய்த ஒன்பது பிழைகள்

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, நான் கொடுத்த பயிற்சித்தாளில் இருந்த 20 வாக்கியங்களுள் ஒன்பதில், கோடிட்ட இடத்துக்குப் பொருந்தாத சொல்லை எழுதியிருந்தாள். ஒவ்வொரு வாக்கியத்தின் கீழும் மூன்று சொற்கள் இருந்தன; அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெழுத வேண்டும் என்பதே பயிற்சி. ஒன்பது பிழை என்பது அந்த வகுப்பில் புதிதன்று. ஆனால் மறுநாள் அதே 60 சொற்களையும் வாக்கியம் இல்லாமல் தனித்தனியே சொல்லிப் பொருள் கேட்டபோது, நான்கைத் தவிர எல்லாவற்றுக்கும் அவள் ஏறக்குறையச் சரியாகவே பொருள் சொன்னாள். பொருள் தெரிந்த சொல்லை இடமறிந்து வைக்க அவளால் ஏன் இயலவில்லை என்னும் கேள்வியிலிருந்து இந்த ஆய்வு தொடங்கிற்று.

இத்தகைய விடைத்தாளைப் பார்த்தவுடன் ஆசிரியர்களாகிய நாங்கள் எழுதும் குறிப்பு பெரும்பாலும் ஒன்றே: ‘சொல்வளம் போதாது.’ அதற்குத் தரும் மருந்தும் ஒன்றே: பாடத்தின் பின்னால் உள்ள சொற்பொருள் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்வது. நானும் பல ஆண்டுகள் அதைத்தான் செய்தேன். இந்தப் பிள்ளையின் நிலையில் அந்தக் குறிப்பு உண்மையன்று என்பதையும், பட்டியலே அவளுடைய பிழைகளில் சிலவற்றுக்குக் காரணமாய் இருந்தது என்பதையும், ஒரு பிழை அவளுடையதே அன்று, வினாவை அமைத்த என்னுடையது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். அவள் பெயரையும் பள்ளியின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன்.

அவள் தாமிரபரணிப் பாசனத்தை ஒட்டிய ஊர் ஒன்றைச் சேர்ந்தவள். முதல் வகுப்பிலிருந்து தமிழ்வழியில் படிப்பவள். தாய் வீட்டில் பீடி சுற்றுகிறார். மாலையில் இவளும் கூட உட்கார்ந்து கட்டுக் கட்டுவாள். பாடநூலை உரக்கப் படிக்கச் சொன்னால் தடங்கலின்றிப் படிப்பாள். எனவே எழுத்துக்கூட்டுவதில் சிக்கல் இல்லை என்பது முன்பே தெரிந்திருந்தது. நான்கு நாள்கள், மதிய இடைவேளையில், விடைத்தாளை முன்னே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியத்தையும் உரக்கப் படித்து, அந்தச் சொல்லை ஏன் எழுதினாள் என்று அவளையே சொல்லச் செய்தேன். சரியான விடைகளுக்கும் காரணம் கேட்டேன். ஏன் அவற்றுக்கும் கேட்டேன் என்பது பின்னர் விளங்கும்.

முடிவதற்கு முன்னே முடிவு செய்தல்

ஒன்பதில் மூன்று பிழைகள் ஒரே வகையைச் சேர்ந்தவை. அவற்றுள் ஒன்று இது: ‘வாசலில் இருந்த ____ ஏறிய தாத்தா, உடைந்த ஓட்டை எடுத்துவிட்டுப் புது ஓடு வைத்தார்.’ கொடுத்த சொற்கள்: வண்டியில், ஏணியில், திண்ணையில். அவள் ‘வண்டியில்’ என்று எழுதியிருந்தாள். காரணம் கேட்டபோது, “வாசல்ல வண்டிதானே டீச்சர் நிக்கும், அதுல ஏறினாரு” என்றாள். ‘ஏறிய’ என்ற சொல்லோடு அவளுடைய வாசிப்பு முடிந்துவிட்டது. அதுவரை உள்ள சொற்களுக்கு மூன்று விடைகளுமே பொருந்தும். வண்டிதான் மற்றவற்றைவிட இயல்பாகவும் தோன்றும். ஓட்டை மாற்றினார் என்ற செய்தி வாக்கியத்தின் கடைசியில் இருக்கிறது. அதைப் படித்தவர் எவரும் ஏணியைத் தவிர வேறொன்றை எழுதமாட்டார். ஓட்டு வீட்டிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை அவள். உலகறிவில் குறையொன்றும் இல்லை.

இன்னொன்று: ‘கூட்டத்தில் எழுந்த கேள்விகளுக்கெல்லாம் தலைவர் ____ விடையளித்தார், ஓரிடத்திலும் அவர் தடுமாறவில்லை.’ சரளமாக, சுருக்கமாக, தயக்கத்துடன் என்பவை கொடுத்த சொற்கள். ‘விடையளித்தார்’ என்று ஒரு வினைமுற்று வந்துவிட்டதால் வாக்கியம் முடிந்தது என்று அவள் எண்ணி, ‘சுருக்கமாக’ என்று எழுதிவிட்டாள். காற்புள்ளிக்குப் பின் வரும் பகுதி, விடையின் நீளத்தைப் பற்றியதன்று, அதன் ஓட்டத்தைப் பற்றியது என்பதைக் காட்டும் ஒரே குறிப்பு. அதை அவள் கண் தொடவே இல்லை.

இந்த வகைப் பிழை தமிழின் தொடரமைப்போடு நெருங்கிய தொடர்புடையது என்று கருதுகிறேன். நம் வாக்கியத்தில் வினைமுற்று இறுதியில் நிற்கிறது. அதற்கு முன் வினையெச்சமும் பெயரெச்சமும் அடுத்தடுத்து வந்து, சொல்லப்படுவது இன்னது என்பதைக் கடைசிச் சொல் வரை நிறுத்தி வைக்கின்றன. வினைமுற்றோ ஒரே சொல்லில் பலவற்றைச் சொல்லிவிடுகிறது: செயல் இன்னது, காலம் இன்னது, செய்தது ஆணா பெண்ணா பலரா, அஃறிணையில் ஒன்றா பலவா என்பது வரை. ‘____ கரையோரம் மேய்ந்தன’ என்ற வாக்கியத்தில் கன்று, இடையர், எருமைகள் ஆகிய மூன்றுள் எது வரும் என்பதை ‘மேய்ந்தன’ என்பதன் விகுதி ஒன்றே முடிவு செய்துவிடுகிறது. ஆகவே, ஆங்கிலப் பயிற்சி நூல்களைப் பின்பற்றிக் கோட்டுக்கு அக்கம்பக்கத்தில் உள்ள சொற்களைப் பார்க்கச் சொல்வது தமிழுக்குப் போதாது. கோட்டுக்கு மிக அருகில் எச்சமும் அடைமொழியும் இருக்கும்; தீர்ப்புச் சொல்லும் வினை வெகுதூரத்தில் இருக்கும்.

இது புதிய கண்டுபிடிப்பன்று. ஒரு சொல் பல பொருள் தரும்போது எப்பொருள் கொள்வது என்பதைத் தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் சொல்கிறது: ‘வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும் தேறத் தோன்றும் பொருள்தெரி நிலையே.’ வினை, இனம், சார்பு ஆகிய மூன்றாலும் பொருள் தெளிவாகும் என்பது கருத்து. உரையாசிரியர் சேனாவரையர் ‘மா’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டு விளக்குகிறார். மா பூத்தது என்றால், பூத்தல் என்னும் வினையால் அது மரம் என்று தெரிகிறது. மாவும் மருதும் ஓங்கின என்றால், மருதமரத்தோடு சேர்த்துச் சொல்லப்பட்டதால், இனத்தால் தெரிகிறது. கவசம் அணிந்து நின்ற ஒருவன் மாவைக் கொண்டுவா என்றால், அவன் நிற்கும் நிலையாகிய சார்பினால் அது குதிரை என்று தெரிகிறது. இன்றைய மொழிக் கற்பித்தல் நூல்கள் சூழல் குறிப்புகள் என்று வகைப்படுத்துபவற்றில் பெரும்பகுதி இம்மூன்றுக்குள் அடங்கிவிடும். நூற்பாவின் வரிசையில் வினை முதலில் நிற்பதை நான் தற்செயல் என்று எண்ணவில்லை. வகுப்பில் இந்த நூற்பாவைப் பல முறை இலக்கணமாக நடத்தியிருக்கிறேன். கோடிட்ட இடத்தை நிரப்பும் வழியாக ஒரு முறையும் காட்டியதில்லை என்பதை இந்தப் பிள்ளையின் அருகில் உட்கார்ந்தபோதுதான் உணர்ந்தேன்.

வினைக்கு அடுத்தபடி வேற்றுமை உருபு துணை நிற்கும். ஆறு என்ற சொல் எண்ணையும் குறிக்கும், நதியையும் குறிக்கும். உருபு ஏற்கும்போது இரண்டும் பிரிந்துவிடுகின்றன: ‘ஆற்றைக் கடந்தோம்’ என்கிறோம், ‘ஆறை மூன்றால் வகு’ என்கிறோம். நதிக்கு ‘ஆற்றுக்கு’, எண்ணுக்கு ‘ஆறுக்கு’. இதை அவளிடம் கேட்டபோது ஒரு நொடிகூடத் தயங்காமல் சரியாகச் சொன்னாள். ஆனால் இப்படி ஒரு வேறுபாடு இருப்பதை அதுவரை கவனித்ததில்லை என்றாள். நாவுக்குத் தெரிந்ததைக் கண் இன்னும் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

பட்டியல் தந்த பிழை

அடுத்த இரண்டு பிழைகள் என்னை நெடுநேரம் நிறுத்தின. ‘தொடர்ந்து புகைபிடித்ததன் ____ அவருடைய நுரையீரல் பழுதடைந்தது.’ பயனாக, விளைவாக, பொருட்டாக என்பவற்றுள் அவள் ‘பயனாக’ என்பதைத் தேர்ந்திருந்தாள். காரணம் கேட்டதற்கு, “பயன்னா விளைவுதானே டீச்சர், புக்ல போட்டிருக்கே” என்றாள். சொற்பொருள் பட்டியலில் ‘பயன் – விளைவு’ என்று படித்திருக்கிறாள். அது தவறும் அன்று. பழைய தமிழில் வினைப்பயன் என்பது நல்வினைக்கும் தீவினைக்கும் பொதுவாகவே வழங்கியது. ஆனால் இன்றைய உரைநடையில், நன்மையாய் முடிவதற்கே ‘பயனாக’ என்கிறோம். பட்டியலில் இரு சொற்களுக்கு நடுவே போடும் சிறு கோடு, அவை எல்லா இடத்திலும் ஒன்றுக்கொன்று மாற்றாகும் என்ற எண்ணத்தைப் பிள்ளைகள் மனத்தில் ஊன்றிவிடுகிறது. பட்டியலை நன்றாக மனப்பாடம் செய்த பிள்ளையே இப்படித் தவறுவாள். செய்யாத பிள்ளை காதுக்குப் பழகிய ‘விளைவாக’ என்பதை எழுதித் தப்பிவிடுவாள். அன்று அந்தத் தாளில் சிவப்பு மையால் நான் போட்டிருந்த குறியைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை.

மற்றொன்று, ‘மூன்று மாதம் படுக்கையில் கிடந்தவர், ஒருவழியாக நோயிலிருந்து ____’ என்பது. தப்பினார், மீண்டார், விலகினார் ஆகிய மூன்றும் ‘இலிருந்து’ என்னும் உருபை ஏற்பவை. ஆகையால் உருபு இங்கே உதவாது. அவள் ‘தப்பினார்’ என்று எழுதியிருந்தாள். விபத்திலிருந்து தப்பலாம், பொறுப்பிலிருந்து விலகலாம், உள்ளே அகப்பட்டுத் துன்புற்ற பின் வெளியே வருவதற்குத்தான் மீள்தல் என்று பெயர். மூன்று மாதம் கிடந்தார் என்ற தொடர் அவர் அகப்பட்டதைச் சொல்லிவிட்டது.

இந்த இடத்தில் விளக்கத்தை நிறுத்திவிட்டு, அவள் வீட்டு வேலையைப் பற்றிக் கேட்டேன். பீடியை என்ன செய்வீர்கள் என்றேன். “சுத்துவோம்.” லட்டை? “பிடிப்போம்.” சப்பாத்திக்கு மாவை? “உருட்டுவோம்.” மூன்றுமே கையால் உருட்டித் திரட்டுகிற வேலைதானே, பீடியைப் பிடித்தோம், லட்டைச் சுற்றினோம் என்று சொன்னால் என்ன என்று கேட்டேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். “பீடியப் பிடிக்கிறதுன்னா குடிக்கிறது டீச்சர்!” என்றாள். நான் எதிர்பார்த்ததைவிட நுட்பமான விடை அது. எந்தப் பெயருக்கு எந்த வினை சேரும் என்பதை மட்டுமன்றி, வினை மாறினால் பொருள் எங்கே போய் நிற்கும் என்பதையும் அவள் கண்டு சொன்னாள்.

ஆகவே, சொல்லின் இடமறியும் திறன் அவளிடம் இல்லாமல் இல்லை. வீட்டுப் பேச்சில் அது கூர்மையாகவே இருக்கிறது. பாடநூல் தமிழுக்கு வரும்போது அதை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வர வேண்டும் என்று எப்படியோ கற்றுக்கொண்டிருக்கிறாள். எழுத்துத் தமிழும் அதே மொழிதான், அதே காது இங்கேயும் செல்லும் என்று அவளுக்கு எவரும் சொன்னதில்லை. கூடை முடைதல், பானை வனைதல், தயிர் கடைதல் என்று மரபுச்சொற்களைப் பட்டியலாக நடத்துகிறோம். பீடி சுற்றுதலும் அந்த வரிசையில் நிற்கத்தக்க மரபுச்சொல் என்று நாங்கள் எண்ணிப் பார்த்ததில்லை.

ஒலி ஒன்று, எழுத்து இரண்டு

தமிழ்நாட்டின் பெரும்பகுதிப் பேச்சில் தனித்து வரும் ரகரமும் றகரமும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. தென்மாவட்டங்களில் ழகரமும் ளகரமாகிவிடுவது வழக்கம். எனவே இத்தகைய சொற்களில் காதை நம்ப இயலாது. பொருளைக் கண்டு எழுத்தை முடிவு செய்ய வேண்டும். ‘வெள்ளம் வடிந்து ஒரு மாதமாகியும் சுவரில் படிந்த ____ போகவில்லை’ என்பதில் அவள் கறைக்குப் பதில் ‘கரை’ என்று எழுதியிருந்தாள். வெள்ளம் என்ற சொல்லைப் பார்த்ததும் ஆற்றங்கரை நினைவுக்கு வந்துவிட்டது. சுவரில் படிவதும், போகாமல் நிற்பதும் கரைக்குப் பொருந்துமா என்று கேட்டவுடன் தானே திருத்திக்கொண்டாள்.

இன்னொன்றில், கூரையில் கூடு கட்டிக் கையில் கொட்டியது ‘குழவி’ என்று எழுதியிருந்தாள். இதற்கு அவள் சொன்ன காரணம் குறித்து வைக்கத்தக்கது. வீட்டில் எல்லாரும் குளவி என்பார்களாம். வீட்டுப் பேச்சில் ளகரம் வந்தால் அது பெரும்பாலும் பிழை, நூலில் ழகரமாக இருக்கும் என்பது அவள் கண்ட விதி. மழையை ‘மளை’ என்றும் பழத்தைப் ‘பளம்’ என்றும் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அந்த விதி பல இடங்களில் பலித்திருக்கிறது. அதோடு, பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்று தொல்காப்பிய மரபியல் சொல்லும் ஒன்பது இளமைப் பெயர்களை அந்த மாதம்தான் வகுப்பில் நடத்தியிருந்தேன். சரியாகப் பேச வேண்டும் என்ற அக்கறையிலிருந்து பிறந்த பிழை அது. அதைக் கவனக்குறைவு என்று எழுதுவது அநீதி.

எட்டாவது பிழையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘ஊர்ப் பெரியவர்களின் ____ பெற்ற பிறகே கிணறு வெட்டத் தொடங்கினர்’ என்பதில் ‘இசைவைப்’ என்பதற்குப் பதில் ‘இசையைப்’ என்று எழுதினாள். இசைவு என்றால் சம்மதம் என்பது அவளுக்குத் தெரியாது. ஒன்பதில் இது ஒன்றுதான் சொல்வளக் குறைவால் நேர்ந்தது.

என்னுடைய பிழை

ஒன்பதாவது வாக்கியம்: ‘அவர் மெத்தப் படித்தவர், ____ அடக்கமானவர்.’ ஆயினும், ஆகையால், அல்லது என்பவை கொடுத்த சொற்கள். விடைக்குறிப்பில் நான் எழுதி வைத்திருந்தது ‘ஆயினும்’. அவள் எழுதியது ‘ஆகையால்’. முரணைக் காட்டும் இணைப்புச் சொல்லை அவள் அறியவில்லை என்று முடிவு கட்டியிருந்தேன். காரணம் கேட்டேன். “படிச்சவங்க அடக்கமாத்தானே டீச்சர் இருப்பாங்க?” என்றாள்.

எனக்கு மறுமொழி இல்லை. படிப்பு செருக்கைத் தரும் என்று எண்ணுபவருக்கு அது முரண். படிப்பு பணிவைத் தரும் என்று நம்புபவளுக்கு அது காரணம். வாக்கியத்தில் இரண்டுக்கும் இடமுண்டு. இதைத்தான் கொள்ள வேண்டும் என்று காட்டும் ஒரு சொல்கூட அதில் இல்லை. உலகத்தைப் பற்றி என் மனத்தில் இருந்த சற்றுக் கசப்பான எண்ணத்தை விடையாக வைத்துவிட்டு, கற்றவரிடம் அவள் வைத்திருந்த நம்பிக்கைக்குத் தவறு என்று குறி போட்டிருக்கிறேன். அந்த மதிப்பெண்ணை அவளுக்கு அப்போதே சேர்த்துக் கொடுத்தேன். வகுப்பில் இதே விடையை எழுதியிருந்த மற்றவர்களுக்கும் கொடுத்தேன்.

சூழல் எல்லா வேளையிலும் துணை செய்வதில்லை என்பதை 1983ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் ஐசபெல் பெக், மார்கரெட் மெக்கியோன், எலன் மெக்காஸ்லின் ஆகியோர் விரிவாகக் காட்டினர். பள்ளி வாசிப்பு நூல்களில் இருந்த கதைகளை எடுத்து, ஒரு சொல்லைச் சூழ்ந்த தொடர்கள் அதன் பொருளை நேராகக் காட்டுபவை, பொதுவாக உணர்த்துபவை, ஒன்றும் காட்டாதவை, வழிதவறச் செய்பவை என நான்காகப் பிரித்தனர். கடைசி வகைக்குத் தமிழில் ஓர் எடுத்துக்காட்டு: ‘அவள் பாடி முடித்ததும் தோழிகள் சிரித்தபடி கைதட்டினர், அந்த ஏளனத்தை அவள் எதிர்பார்க்கவில்லை.’ ஏளனம் என்ற சொல்லை அறியாத பிள்ளை, சிரிப்பையும் கைதட்டலையும் பார்த்து, அது பாராட்டு என்றே பொருள் கொள்வாள். முறைப்படி சூழலைப் படித்தவள்தான் அங்கே தவறுவாள்.

கதை எழுதுபவர் தம் போக்கில் எழுதலாம். படிப்பவர் பொருளை ஊகிக்க வேண்டும் என்பது அவர் கவலையன்று. வினாத்தாள் அமைப்பவருக்கு அந்த உரிமை இல்லை. வினையாலும் பொருள் வேறுபடாத பலபொருள் ஒருசொல்லைப் பற்றிப் பேசும் இடத்தை அடுத்து, ‘குறித்தோன் கூற்றம் தெரித்துமொழி கிளவி’ என்று தொல்காப்பியம் விதிக்கிறது. ஒன்றைக் கருதிச் சொல்பவன், கேட்பவனுக்கு அது தெரியும்படி சொல்ல வேண்டும். இதைவிடச் செறிவான அறிவுரை வினாத்தாள் அமைப்பவருக்கு வேறில்லை. அந்த வாக்கியத்தை இவ்வாறு மாற்றினேன்: ‘அவருக்கு நூறு ஏக்கர் நிலம் உண்டு, ____ குடியிருப்பது ஓர் ஓட்டுவீட்டில்தான்.’ இறுதியில் உள்ள ‘தான்’, முரணை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டுகிறது.

சரியான விடைகள் மறைத்தவை

சரியாக இருந்த 11 விடைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவற்றுள் இரண்டுக்கு அவள் சொன்ன காரணம், வாக்கியத்தின் பொருளோடு தொடர்பற்றது. ஒன்றில் கோட்டுக்கு முன் ‘ஓர்’ என்று அச்சிட்டிருந்தேன். உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன்புதான் ஓர் வரும் என்று அறிந்தவள், மூன்றில் உயிரெழுத்தில் தொடங்கிய ஒரே சொல்லை எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டாள். மற்றொன்றில், கோட்டை அடுத்து ‘ப் பார்த்தான்’ என்று ஒற்றெழுத்து தனியே நின்றது. வல்லினம் மிகும் சொல் கொடுத்தவற்றில் ஒன்றே இருந்தது. இலக்கண அறிவு என்ற அளவில் இதைப் பாராட்டத்தான் வேண்டும், பாராட்டினேன். ஆனால் அந்த இரு வாக்கியங்களும் எதைப் பற்றியவை என்று கேட்டால் அவளால் சொல்ல இயலவில்லை. மதிப்பெண் பட்டியலில் இந்த இரண்டும், உண்மையாகப் படித்து எழுதிய ஒன்பதும் ஒன்றுபோலவே நிற்கும். சரியான விடைக்கும் காரணம் கேட்டிராவிட்டால் இது எனக்குத் தெரிந்திருக்காது.

செய்தவை

அடுத்த மூன்று மாதங்களில், வாரத்துக்கு இரண்டு நாள், கால் மணி நேரம் ஒதுக்கினோம். செய்தது எளியது. கொடுத்த சொற்களைக் கையால் மறைத்துக்கொள்ள வேண்டும். வாக்கியத்தைக் கடைசி வினைமுற்று வரை, காற்புள்ளி இருந்தால் அதையும் தாண்டி, உரக்கப் படிக்க வேண்டும். பிறகு கோட்டில் என்ன வரும் என்பதை வீட்டில் பேசுகிறபடியே, எந்தச் சொல்லானாலும் சரி, சொல்ல வேண்டும். அதன் பின்னரே கையை எடுத்து, தான் சொன்னதற்கு அருகில் வருவது எது என்று பார்க்க வேண்டும். நோயிலிருந்து என்ற வாக்கியத்தை ஒத்த ஒன்றுக்கு அவள் முதலில் சொன்னது, “எந்திரிச்சு நடமாடுதாரு.” கையை எடுத்ததும் ‘மீண்டார்’ என்பதைத் தயக்கமின்றித் தொட்டாள். மூன்று சொற்களையும் முன்கூட்டியே பார்க்கும்போது அவை ஒன்றையொன்று இழுத்துக் குழப்புகின்றன. தன் சொல் ஒன்று கையில் இருந்தால் ஒப்பிட ஓர் அளவுகோல் கிடைக்கிறது.

எழுதிய பிறகு, தன்னை முடிவுக்குக் கொண்டுவந்த சொல்லின் அடியில் பென்சிலால் கோடு போட வேண்டும் என்பது இன்னொரு பழக்கம். முதல் இரு வாரங்கள் அவள் கோட்டுக்கு ஒட்டிய சொல்லையே அடிக்கோடிட்டாள். மெல்ல மெல்லக் கோடுகள் வாக்கியத்தின் இறுதிப் பக்கம் நகர்ந்தன. அந்த நகர்வை மதிப்பெண்ணைவிட மேலான சான்றாகக் கொள்கிறேன். மூன்று மாத முடிவில் கொடுத்த புதிய 20 வாக்கியங்களில் 16 சரியாக இருந்தன. அவற்றுள் 14இல் அடிக்கோடும் சரியான இடத்தில் இருந்தது.

இதிலிருந்து பெரிய முடிவுகளுக்குத் தாவ இயலாது. பார்த்தது ஒரே ஒரு பிள்ளையை. அந்த மூன்று மாதங்களில் வழக்கமான பாடங்களும் நடந்தன, அவள் வயதும் கூடிற்று. சூழலை நன்றாகப் படிப்பதனாலேயே புதிய சொற்கள் குவிந்துவிடும் என்றும் நம்ப வேண்டியதில்லை. நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஸ்வான்போர்ன், டி குளோப்பர் ஆகிய இருவரும் அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 1999இல் வெளியிட்ட கணக்கின்படி, மாணவர்கள் இயல்பாகப் படிக்கையில் எதிர்ப்படும் தெரியாத சொற்களுள் ஏறத்தாழ 15 விழுக்காட்டின் பொருளையே கற்றுக்கொள்கிறார்கள். இசைவு போன்ற சொல்லை ஆசிரியர் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். பல இடங்களில் மறுபடி மறுபடி காட்டவும் வேண்டும். சொற்பொருள் பட்டியலை நான் கைவிடவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் நேரே அதன் பொருளோடு, அது வரும் ஒரு வாக்கியத்தையும், வராத ஒரு வாக்கியத்தையும் இப்போது எழுதச் செய்கிறேன். ‘உழைப்பின் பயனாக வீடு கட்டினார்’ என்பதன் கீழே, ‘புகைபிடித்ததன் பயனாக’ என்று எழுதி, அதை அடித்துவிட்டு வைத்திருக்கிறார்கள் பிள்ளைகள்.

புதிய தாளில் சரியாக அமையாத நான்கில் ஒன்றை மட்டும் குறிப்பிட வேண்டும். ‘மழை நின்றதும் பிள்ளைகள் ____ வெளியே ஓடினர்’ என்று எழுதி, உடனே, மகிழ்ச்சியுடன், மெதுவாக என்ற சொற்களைக் கொடுத்திருந்தேன். அவள் கோட்டைக் காலியாக விட்டிருந்தாள். அதன் பக்கத்தில் பென்சிலால் சிறிய எழுத்தில், ‘முதல் இரண்டும் வரும் டீச்சர். எது என்று வாக்கியத்தில் இல்லை’ என்று எழுதியிருந்தாள். அந்த வாக்கியத்தைத் தாளிலிருந்து நீக்கிவிட்டேன்.